இடைத்தாக்கம் பார்க்க 384 பேர் போதுமா? ரிக்ரெஷன் ஆய்வுக்கு மாதிரி அளவு திட்டமிடும் முழு வழிகாட்டி

கொழும்பில் முதுமாணி ஆய்வு முன்மொழிவுகளைப் பார்த்துக் கொடுக்கும் யாருக்கும் 384 என்ற எண் நன்றாகப் பழக்கம். சமூகவியலோ, முகாமைத்துவமோ, பொதுச் சுகாதாரமோ, மாதிரி அளவு என்ற தலைப்பின் கீழே அது வந்து உட்கார்ந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணை என்பார்கள். 1970இல் வெளியான அந்த அட்டவணையில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. ஒரு பெரிய சனத்தொகையில் எத்தனை சதவீதம் பேர் ‘ஆம்’ என்பார்கள் என்பதை, 95 சதவீத நம்பிக்கையோடு, 5 புள்ளி கூடக்குறைய அறிய எத்தனை பேர் வேண்டும்? 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.0025ஆல் வகுத்தால் 384 வரும். அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ரிக்ரெஷனும் (ஒரு மாறியைக் கொண்டு இன்னொன்றை மதிப்பிடும் முறை) இல்லை, சாய்வும் இல்லை, இரண்டு மாறிகளின் பெருக்கமும் இல்லை.

நீங்கள் பார்க்கப் போவது இடைத்தாக்கம் என்றால், அதாவது ஒரு விடயத்தின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்பதென்றால், கணக்கை அடியிலிருந்து போட வேண்டும். எண் பெரிதாகத்தான் வரும். ஆனால் ஆட்களைக் கூட்டுவது மட்டும் வழியல்ல. ஆய்வை வடிவமைக்கும் விதத்தில் எடுக்கும் சில முடிவுகள் ஆயிரம் பேருக்குச் சமம். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: இடைத்தாக்கத்தை அதன் சொந்த அலகில் சொல்லுங்கள்

‘வயது இந்தத் தொடர்பை மட்டுப்படுத்தும்’ என்று எழுதினால் அதில் கணக்குப் போட ஒன்றும் இல்லை. எவ்வளவு மட்டுப்படுத்தும், எந்த அலகில்?

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் ஒரு கிளினிக்குக்கு வரும் உயர் குருதியமுக்க நோயாளர்களில் பாதிப் பேருக்கு, பிரஷர் குளிசையை மறக்காமல் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்புகிறோம். மற்றப் பாதிக்கு இல்லை. யாருக்கு அனுப்புவது என்பது எழுமாற்றாகத் தெரிவு. மூன்று மாதம் கழித்து மேல் அழுத்தத்தை (பிரஷரின் இரண்டு எண்களில் பெரியதை) அளக்கிறோம். சராசரியாக 5 மில்லிமீற்றர் குறையும் என்று எதிர்பார்ப்பு. இடைத்தாக்கக் கேள்வி: 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிடைக்கும் பலனும் கூடியவர்களுக்குக் கிடைக்கும் பலனும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன?

இப்போது ஒரு எண் சொல்லுங்கள். இளையவர்களுக்கு 6.25, மூத்தவர்களுக்கு 3.75 என்றால் வித்தியாசம் 2.5. இதுதான் இடைத்தாக்கம். இந்த எண்ணைச் சொல்ல முடியாமல் திணறுகிறீர்கள் என்றால் மென்பொருளைத் திறக்க இன்னும் நேரமாகவில்லை. முதலில் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு வைத்தியரிடம், எவ்வளவு வித்தியாசம் இருந்தால் இரண்டு வயதினருக்கும் வேறு வேறு திட்டம் போடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் எந்த அட்டவணையையும் விடப் பெறுமதியானது.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. இளையவர்களுக்குத் தனியாக ரிக்ரெஷன் போட்டு பி பெறுமதி (உண்மையில் விளைவே இல்லாதபோது இவ்வளவு பெரிய விளைவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03, மூத்தவர்களுக்குப் போட்டு 0.20, ஆகவே இரு தொகுதிகளும் வேறுபடுகின்றன என்று எழுதுவது பிழை. ஒன்று 0.05 என்ற வழமையான கோட்டைத் தாண்டியது, மற்றது தாண்டவில்லை என்பதால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நிரூபணமாகிவிடாது. வித்தியாசத்தையே நேரடியாக மதிப்பிட வேண்டும், அதன் நியம வழுவோடு (மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஆடும் என்ற அளவோடு). மாதிரி அளவும் அந்த வித்தியாசத்துக்காகவே கணக்கிடப்பட வேண்டும்.

படி 2: வலுவா, துல்லியமா?

வலு என்பது, உண்மையில் 2.5 வித்தியாசம் இருந்தால் அதைப் பூச்சியத்திலிருந்து பிரித்துக் காட்ட எவ்வளவு வாய்ப்பு என்பது. வழக்கமாக 80 சதவீதம் கேட்பார்கள். துல்லியம் என்பது, நம்பிக்கை ஆயிடை, அதாவது மதிப்பீட்டைச் சுற்றிய கூடக்குறைய எல்லை, எவ்வளவு ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்பது. நான் எப்போதும் இரண்டாவதையே முதலில் போடச் சொல்வேன். காரணம் எளிது: வலுக் கணக்குக்கு உங்களுக்குத் தெரியாத ஒன்றை, உண்மையான இடைத்தாக்கத்தின் அளவை, ஊகித்துக் கொடுக்க வேண்டும். துல்லியக் கணக்குக்கு எஞ்சும் நியம விலகல் (மாறிகள் விளக்கியது போக ஆளுக்கு ஆள் மிஞ்சும் சிதறல்) தெரிந்தால் போதும். ‘வித்தியாசத்தை 3 மில்லிமீற்றர் கூடக்குறைய அறிய விரும்புகிறேன்’ என்று சொல்லிவிட்டால் மிச்சம் எல்லாம் வெறும் பெருக்கல் வகுத்தல். நெறிமுறை மீளாய்வுக் குழு வலுவைத்தான் கேட்கும் என்றால் அதையும் போட்டுக் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

படி 3: கையால் ஒரு தடவை கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கடதாசியும் பேனையும் போதும்.

மேல் அழுத்தத்தின் நியம விலகல் 15 என்று வைப்போம். மொத்த ஆட்களின் எண்ணிக்கை N, இரு பக்கமும் சரிபாதி. சராசரி விளைவின் நியம வழு, 15இன் இரண்டு மடங்கை N இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. இடைத்தாக்கத்தில் நான்கு கூடுகள் இருக்கின்றன (இரு வயதினர், ஒவ்வொன்றிலும் நினைவூட்டல் பெற்றோரும் பெறாதோரும்), ஒவ்வொன்றிலும் கால்வாசிப் பேர்தான், அத்தோடு ஒரு வித்தியாசத்திலிருந்து இன்னொரு வித்தியாசத்தைக் கழிக்கிறோம். ஆகவே நியம வழு 15இன் நான்கு மடங்கை அதே வர்க்கமூலத்தால் வகுத்தது. அதே ஆட்கள், அதே தரவு, ஆனால் வழு சரியாக இரண்டு மடங்கு.

80 சதவீத வலு வேண்டுமென்றால் விளைவு அதன் நியம வழுவைப் போல 2.8 மடங்கு இருக்க வேண்டும், 1.96உம் 0.84உம் கூட்டினால் வருவது அது. சராசரி விளைவு 5க்கு: 2 × 15 × 2.8 ÷ 5 = 16.8, வர்க்கம் எடுத்தால் சுமார் 282 பேர். இடைத்தாக்கம் 2.5க்கு: 4 × 15 × 2.8 ÷ 2.5 = 67.2, வர்க்கம் எடுத்தால் சுமார் 4,516 பேர். பதினாறு மடங்கு. வழு இரண்டு மடங்கு, தேடும் அளவு பாதி, இரண்டும் சேர்ந்து நான்கு, அதன் வர்க்கம் பதினாறு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கெல்மன் 2018இல் இந்தப் பதினாறை எடுத்துச் சொன்ன பிறகு அது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இடைத்தாக்கம் சராசரி விளைவின் பாதி என்ற ஊகத்தில் வந்த எண் அது. சராசரி விளைவு அளவுக்கே இடைத்தாக்கமும் பெரிதாக இருந்தால் நான்கு மடங்குதான் வரும். மூன்றில் ஒரு பங்கு என்றால் முப்பத்தாறு.

துல்லியக் கணக்கில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவு. 384 பேரோடு போனால் இடைத்தாக்கத்தின் ஆயிடை 1.96 × 60 ÷ 19.6, அதாவது கூடக்குறைய 6. நாம் தேடுவது 2.5, அளவுகோலின் தடுமாற்றம் 6. செட்டியார் தெருவில் பவுண் நிறுக்கும் வேலையை மரக்கறிக்கடைத் தராசிடம் கொடுப்பது போலத்தான். கூடக்குறைய 3க்கு இறக்க வேண்டுமென்றால் 1,537 பேர் வேண்டும்.

‘சரி, சிறிய மாதிரியோடு போய்ப் பார்ப்போம், வந்தால் வரட்டும்’ என்பவர்களுக்கு ஒரு விடயம். சராசரி விளைவுக்கு 80 சதவீத வலுவோடு, அதாவது அந்த 282 பேரோடு, இதே இடைத்தாக்கத்தைத் தேடினால் வலு ஏறத்தாழ 11 சதவீதம். அது பரவாயில்லை என்று விடலாம். ஆனால் அந்த 11 சதவீத அதிர்ஷ்டம் அடித்து பி பெறுமதி 0.05க்குக் கீழே வந்துவிட்டால், அப்போது கிடைக்கும் மதிப்பீடு சராசரியாக உண்மையின் 3.5 மடங்கு பெரிதாக இருக்கும். ஏனென்றால் அவ்வளவு பெரிதாக வந்தால்தான் கோட்டைத் தாண்டவே முடியும். கண்டுபிடிக்காமல் விடுவதை விட, ஊதிப்பெருத்த எண்ணைக் கண்டுபிடிப்பாக வெளியிடுவது மோசம். அடுத்து வரும் மாணவர் அதையே நம்பித் தன் மாதிரி அளவைக் கணக்கிடுவார்.

படி 4: தொகுதிகள் சமமில்லை என்றால்

மேலே போட்டது பாதிக்குப் பாதி கணக்கு. நம் ஊரில் அப்படி வாய்ப்பது அரிது. நினைவூட்டலின் பலன் தமிழ் பேசும் நோயாளர்களுக்கும் சிங்களம் பேசுவோருக்கும் வேறுபடுகிறதா என்று பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று வையுங்கள். மாதிரியில் தமிழ் பேசுவோர் பத்தில் ஒரு பங்கு என்றால் 384 பேரில் 38 பேர். அவர்களில் 19 பேருக்கு நினைவூட்டல், 19 பேருக்கு இல்லை. இந்த 19க்கும் 19க்கும் இடையிலான வித்தியாசத்தின் மேல்தான் உங்கள் முழு முடிவும் நிற்கிறது. மிச்சம் 346 பேர் இருந்தும் பெரிய உதவி இல்லை.

கணக்கில் இது இப்படி வரும்: சிறு தொகுதியின் பங்கையும் பெரும் தொகுதியின் பங்கையும் பெருக்குங்கள், 0.1 × 0.9 = 0.09. சமமாக இருந்தால் 0.25. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 2.78. மாதிரி அளவு அத்தனை மடங்கு கூட வேண்டும். 1,537 பேர் 4,270 ஆகிவிடும். 20 சதவீதம் என்றால் 1.56 மடங்கு.

இதற்கு மருந்து பணமல்ல, மாதிரி எடுக்கும் முறை. சிறு தொகுதியிலிருந்து வேண்டுமென்றே கூடுதலாக எடுங்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கக் கிளினிக்குகளையும் சேர்த்து இரு மொழியினரையும் சமமாக எடுத்தால் மீண்டும் 1,537க்கே வந்துவிடலாம். முழு மாவட்டத்துக்குமான சராசரியைச் சொல்லும் இடத்தில் மட்டும் நிறைகளைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒரு நிபந்தனை: இடம் மாறும்போது கிளினிக்கும் மாறுகிறது, மொழி வித்தியாசமா கிளினிக் வித்தியாசமா என்று பிறகு பிரிக்க முடியாமல் போகக் கூடாது. ஒவ்வொரு கிளினிக்கிலும் இரு மொழியினரும் கொஞ்சமாவது இருக்கும்படி பாருங்கள்.

படி 5: இரண்டும் தொடர்ச்சியான மாறிகள் என்றால்

இப்போது எழுமாற்றுப் பரிசோதனையை விட்டு அளவாய்வுக்கு வருவோம், நம் மாணவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். வேலைக்குப் போய்வரும் பயண நேரம் நித்திரையைக் குறைக்கிறது. வேலை நேரத்தைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் உள்ளவர்களுக்கு அந்தப் பாதிப்புக் குறைவு. இது கருதுகோள். காலி வீதியில் காலை ஏழரை மணி பஸ்ஸில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அலகில் சொல்வோம். நடுத்தரச் சுதந்திரம் உள்ளவருக்கு ஒரு மணிநேரப் பயணம் 20 நிமிட நித்திரையைத் தின்கிறது. சுதந்திரம் ஒரு நியம விலகல் கூடினால் 10 நிமிடம், குறைந்தால் 30 நிமிடம். ஆகவே இடைத்தாக்கக் குணகம் 10. பயண நேரத்தின் நியம விலகல் அரை மணிநேரம், நித்திரையின் எஞ்சிய நியம விலகல் 60 நிமிடம். இரு மாறிகளும் தம்முள் தொடர்பில்லாதவை என்றால் பெருக்கத்தின் நியம விலகல் 0.5 × 1 = 0.5. குணகத்தின் நியம வழு 60ஐ 0.5ஆலும் N இன் வர்க்கமூலத்தாலும் வகுத்தது. 2.8 மடங்கு விதியைப் போட்டால் 1,129 பேர். 384 பேரோடு போனால் வலு 37 சதவீதம், நாணயம் சுண்டுவதை விடக் குறைவு.

பலரும் இந்த இடத்தில் மாதிரி அளவு கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளைத் திறந்து, விளைவின் அளவைச் சொல்ல உளவியலாளர் ஜேக்கப் கோஹன் தந்த எஃப் வர்க்கத்தில் ‘சிறியது’ 0.02, ‘நடுத்தரம்’ 0.15 என்பவற்றில் ஒன்றைப் போடுவார்கள். 0.15 போட்டால் 55 பேர் போதும் என்று வரும், மகிழ்ச்சி. 0.02 போட்டால் சுமார் 395 வரும், 384க்கு அருகே இருப்பதால் மேற்பார்வையாளரும் தலையாட்டிவிடுவார். ஆனால் மேலே நாம் போட்ட நித்திரைக் கணக்கின் எஃப் வர்க்கம் என்ன தெரியுமா? 0.007. ஒரு மணிநேரப் பயணத்துக்கு 10 நிமிடமா 30 நிமிடமா என்ற கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், கோஹனின் ‘சிறிய’தில் மூன்றில் ஒரு பங்குதான். முகாமைத்துவ ஆய்வாளர் ஹெர்மன் அகினிஸும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட மீளாய்வில், 1969 முதல் 1998 வரை மூன்று முக்கிய ஆய்விதழ்களில் வந்த வகை மாறி (ஆண்–பெண் போன்ற தொகுதி மாறி) இடைத்தாக்கங்களின் எஃப் வர்க்க இடையம் (நடுப் பெறுமதி) 0.002. அதைப் போட்டால் 3,900 பேருக்கு மேல் வேண்டும்.

ஜி-பவர் பாவிப்பதில் பிழை இல்லை, ஆனால் இரண்டு பெட்டிகளைக் கவனியுங்கள். ஆர் வர்க்க அதிகரிப்பை (ஒரு மாறியைச் சேர்ப்பதால் விளக்கப்படும் சிதறல் எவ்வளவு கூடுகிறது என்பதை) சோதிக்கும் தெரிவையே எடுக்க வேண்டும். சோதிக்கப்படும் மாறிகளின் எண்ணிக்கை 1, மொத்த மாறிகள் 3 அல்லது அதற்கு மேல். சோதிக்கப்படுவதும் 3 என்று போட்டால் அது முழு மாதிரியுருவையும் (ரிக்ரெஷன் சமன்பாட்டையும்) சோதிக்கும், இடைத்தாக்கத்தை அல்ல.

இன்னொன்று, போகிற போக்கில்: மாறிகளிலிருந்து சராசரியைக் கழித்து மையப்படுத்தினால் இடைத்தாக்கத்தின் வலு கூடும் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. கூடாது. குணகமும் அதன் நியம வழுவும் அப்படியேதான் இருக்கும், மற்ற இரு குணகங்களின் அர்த்தம்தான் மாறும். வாசிக்க வசதி என்பதற்காகச் செய்யுங்கள்.

படி 6: அளவீட்டு வழு, வெட்டுதல், வளைவு

மாதிரி அளவுக் கணக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும்.

பயண நேரத்தை நினைவிலிருந்து கேட்கிறோம், நம்பகத்தன்மை (அளவீட்டின் சிதறலில் வழு அல்லாத பங்கு) 0.8 என்று வைப்போம். வேலைச் சுதந்திரத்தை ஐந்து வினாக்கள் கொண்ட ஒரு அளவுகோலால் அளக்கிறோம், 0.7. தனித்தனியே இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் அவற்றின் பெருக்கத்தின் நம்பகத்தன்மை, இரண்டுக்கும் இடையே இணைபு (ஒன்றோடு மற்றது சேர்ந்து மாறும் தொடர்பு) இல்லாதபோது, 0.8 × 0.7 = 0.56. 1,129ஐ 0.56ஆல் வகுத்தால் 2,016. இரண்டு நல்ல அளவுகோல்கள் சேர்ந்து தொள்ளாயிரம் பேரை விழுங்கிவிட்டன. ஐந்து வினாக்களைப் பத்தாக்குவதும், பயண நேரத்தை ஒரு வாரம் நாட்குறிப்பாக எழுத வைப்பதும் தொள்ளாயிரம் பேரைத் தேடி அலைவதை விட மலிவு.

கொழும்பில் வினாக்கொத்து மூன்று மொழிகளில் போகும். தமிழ் வடிவம் அவசரத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அதன் நம்பகத்தன்மை குறைந்தால், தமிழர்களிடையே சாய்வு தட்டையாகத் தெரியும். அதை மொழியின் இடைத்தாக்கம் என்று எழுதிவிடுவோம். மாதிரி எவ்வளவு பெரிதானாலும் இது திருந்தாது. முன்னோடி ஆய்வில் ஒவ்வொரு மொழியிலும் நம்பகத்தன்மையைத் தனியாகப் பாருங்கள்.

அடுத்தது வெட்டுதல். தொடர்ச்சியான மாறியை நடுவில் வெட்டி ‘கூடியோர், குறைந்தோர்’ என்று ஆக்கினால் விளக்கிக் காட்ட இலகு என்பார்கள். ஒன்றை வெட்டினால் தகவலில் 64 சதவீதம் மிஞ்சும். இரண்டையும் வெட்டினால் பெருக்கத்தில் சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது இரண்டரை மடங்கு ஆட்கள் வேண்டும். ஒரு அழகான சலாகை வரைபடத்துக்கு இது கொஞ்சம் கூடிய விலை.

வளைவு நுணுக்கமான விடயம். இரண்டு மாறிகளும் தம்முள் இணைபு கொண்டவை, உண்மையில் இருப்பது ஒன்றின் வளைவுதான் (அதன் விளைவு நேர்கோடாக இல்லாமல் வளைந்து போவதுதான்) என்றால், பெருக்க உறுப்பு அந்த வளைவைத் திருடி இடைத்தாக்கம் போலக் காட்டும். தடுக்க வர்க்க உறுப்புகளையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் ஆட்கள் கூட வேண்டும்: மாறிகள் இயல்பாகப் பரவியிருந்து இணைபு 0.3 என்றால் சுமார் 1.4 மடங்கு, 0.5 என்றால் சுமார் 2.8 மடங்கு. இணைபு அதிகமாக இருக்கும் என்று தெரிந்தால் இதை முதலிலேயே கணக்கில் சேருங்கள், பிறகு சேர்க்க இடமிருக்காது.

இனி இலாபப் பக்கம். பயண நேரத்தின் நியம விலகலை அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குக் கூட்டினால் 1,129 என்பது 502 ஆகும். எப்படிக் கூட்டுவது? பம்பலப்பிட்டி, வெள்ளவத்தையிலிருந்து நடந்தே வேலைக்குப் போகிறவர்களையும் நீர்கொழும்பு, பாணந்துறை, அவிசாவளையிலிருந்து வருபவர்களையும் கூடுதலாக எடுங்கள், நடுவில் இருப்பவர்களைக் குறையுங்கள். நடுவை முற்றாக விடவேண்டாம், விட்டால் வளைவு இருக்கிறதா என்று பார்க்க வழியே இல்லை.

படி 7: கொத்துகளும் ஆம்–இல்லை விளைவுகளும்

காரியாலயம் காரியாலயமாக, அதாவது கொத்துக் கொத்தாகப் போய்த் தரவு எடுத்தால் ஆட்களை மட்டும் எண்ணிப் பிரயோசனமில்லை. வேலை நேரக் கொள்கை ஒரு காரியாலயத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், ஆயிரம் பேரைக் கேட்டாலும் 12 காரியாலயம் என்றால் அந்த மாறிக்கு 12 அவதானிப்புகள்தான். ஒரு காரியாலயத்தில் எண்பது பேர் வீதம் கேட்பதை விட்டு, ஐம்பது காரியாலயங்களில் இருபது பேர் வீதம் கேளுங்கள். பாடசாலை, தோட்டம், கிராம அலுவலர் பிரிவு எல்லாவற்றுக்கும் இதுவே.

விளைவு ஆம்–இல்லை என்றால், எந்த அளவுத்திட்டத்தில் இடைத்தாக்கம் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். ஒரு தொகுதியில் 20 சதவீதம் 30 ஆகிறது, இன்னொன்றில் 40 சதவீதம் 50 ஆகிறது. சதவீதப் புள்ளியில் இடைத்தாக்கம் இல்லை, இரண்டும் 10. ஒட்ஸ் விகிதத்தில் (‘ஆம்’ஐ ‘இல்லை’யால் வகுத்து வரும் எண் எத்தனை மடங்காகிறது என்பதில்) ஒன்று 1.71, மற்றது 1.5. ஆம்–இல்லை விளைவுக்கு வழக்கமாகப் போடும் லொஜிஸ்டிக் ரிக்ரெஷன் இரண்டாவதைத்தான் காட்டும். கிளினிக் நடத்துபவருக்கு வேண்டியது பெரும்பாலும் முதலாவது.

படி 8: போலித் தரவை உண்டாக்கிப் பாருங்கள்

கைக்கணக்கு திசையைக் காட்டும், ஆனால் உங்கள் ஆய்வில் பயண நேரம் ஒரு பக்கம் சாய்ந்து பரவியிருக்கும், சிலர் இடையில் விலகுவார்கள், கொத்துகள் இருக்கும். இதையெல்லாம் ஒரே சூத்திரத்தில் அடைக்க முடியாது. ஆர் மொழியிலோ பைதனிலோ முப்பது வரியில் சிமுலேஷன் எழுதலாம்.

முதலில் போலி ஆட்களை உண்டாக்குங்கள், மாறிகளின் பரவல் முன்னோடி ஆய்வில் பார்த்தது போல இருக்கட்டும். படி 1இல் சொன்ன குணகங்களைப் போட்டு விளைவைக் கணித்து, அதன் மேல் எஞ்சிய நியம விலகலுக்கேற்ற இரைச்சலைச் சேருங்கள். பிறகு மாறிகளின் மேல் அளவீட்டு வழுவைத் தூவி, விலகிப் போகும் ஆட்களை நீக்கி, உண்மைத் தரவுக்கு எந்த ரிக்ரெஷனைப் போடப்போகிறீர்களோ அதையே போட்டு, குணகம், ஆயிடை, பி பெறுமதி மூன்றையும் சேமியுங்கள். இதை 2,000 தடவை திருப்பிச் செய்யச் சொல்லுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் சாதாரண மடிக்கணினியில் முடிந்துவிடும். 1,000 தடவை மட்டும் செய்தால் 80 சதவீத வலு என்பது கூடக்குறைய 2.5 புள்ளி ஆடும், அதை மனதில் வையுங்கள்.

கடைசியில் மூன்று விடயம் பாருங்கள்: ஆயிடையின் சராசரி அகலம், எத்தனை தடவை பூச்சியத்தை விலக்கியது, விலக்கிய தடவைகளில் மட்டும் குணகத்தின் சராசரி உண்மையை விட எவ்வளவு பெரிது. பிறகு இடைத்தாக்கத்தைப் பூச்சியமாக்கி மறுபடி ஓட்டுங்கள். 5 சதவீதத்தை விடத் தெளிவாகக் கூடுதலான ‘கண்டுபிடிப்பு’ வந்தால், ஒன்றில் நீங்கள் எழுதிய நிரலில் பிழை, அல்லது கொத்தையோ வளைவையோ கணக்கில் எடுக்காத மாதிரியுரு.

முன்னோடி ஆய்விலிருந்து நியம விலகல், நம்பகத்தன்மை, இடைவிலகுவோர் வீதம் எடுக்கலாம். இடைத்தாக்கத்தின் அளவை மட்டும் எடுக்க வேண்டாம். முப்பது பேரில் கிடைத்த இடைத்தாக்கம் வெறும் இரைச்சல்.

படி 9: எண் கட்டுபடியாகவில்லை என்றால்

பெரும்பாலும் கட்டுபடியாகாது. அப்போது N ஐ மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடாமல் இரைச்சலைக் குறையுங்கள். குருதியமுக்க ஆய்வில் ஆரம்ப அளவீட்டையும் எடுத்து ரிக்ரெஷனில் சேர்த்தால், முன்னும் பின்னுமான இணைபு 0.6 என்றால், எஞ்சிய நியம விலகல் 15இலிருந்து 12 ஆகிறது. 1,537 பேர் 984 ஆகிவிட்டார்கள். ஒரேயொரு கூடுதல் அளவீடு, அதுவும் கிளினிக்கில் எப்படியும் எடுப்பது.

சோதிக்கும் மாறிகளையும் குறையுங்கள். வயது, பால், மொழி, வருமானம், கல்வி என்று ஐந்து மட்டுப்படுத்திகளைச் சோதித்தால், ஒன்றுமே இல்லாதபோதும் ஏதாவது ஒன்று 0.05இல் வந்துவிட ஏறத்தாழ 23 சதவீத வாய்ப்பு. ஒன்றைத் தெரிவுசெய்து அதற்காக வடிவமையுங்கள்.

அதற்கும் இடமில்லை, 384 பேர்தான் என்றால், ஆரம்ப அளவீட்டோடு கூடக்குறைய 4.8 மில்லிமீற்றர் கிடைக்கும். அதை அப்படியே எழுதுங்கள்: ஆய்வின் முதன்மை நோக்கம் சராசரி விளைவு, வயது இடைத்தாக்கம் ஆராய்வு நோக்கில் ஆயிடையோடு மட்டும் அறிக்கையிடப்படும். இது வெட்கப்படும் விடயமல்ல. பின்னால் யாராவது பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது உங்கள் ஆயிடை அவர்களுக்கு உதவும்.

படி 10: முன்மொழிவில் எழுதுவது

ஒரு பந்தி போதும். இப்படி:

‘நினைவூட்டலின் விளைவு 60 வயதுக்குக் குறைந்தோருக்கும் கூடியோருக்கும் இடையே எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மதிப்பிடுவதே முதன்மை நோக்கம். இவ்வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை ஆயிடையின் அரை அகலம் 3 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. மேல் அழுத்தத்தின் நியம விலகல் 15 எனவும் ஆரம்ப அளவீட்டுடனான இணைபு 0.6 எனவும் கொள்ளப்பட்டது. எஞ்சிய நியம விலகல் 12. இரு வயதுத் தொகுதிகளிலும் சம எண்ணிக்கையில் சேர்க்கப்படும்போது 984 பேர் தேவை. 15 சதவீதமானோர் இடைவிலகுவர் என எதிர்பார்த்து 1,158 பேர் சேர்க்கப்படுவர்.’

நியம விலகலும் இணைபும் எங்கிருந்து எடுத்தவை என்று அடுத்த வரியில் எழுதிவிடுங்கள், மீளாய்வுக் குழு முதலில் கேட்பது அதைத்தான். நியம விலகல் 18 ஆக இருந்தால் என்ன ஆகும் என்ற ஒரு சிறு அட்டவணையும் போட்டால் நல்லது.

தரவு எடுத்து முடித்து, இடைத்தாக்கம் வரவில்லை என்றதும், கிடைத்த மதிப்பீட்டை வைத்தே வலுவைக் கணக்கிட்டு ‘வலு குறைவாக இருந்ததால் வரவில்லை’ என்று எழுதச் சொல்லி யாராவது கேட்கலாம். எழுதாதீர்கள். அந்த வலு பி பெறுமதியின் இன்னொரு வேடம்தான், புதிதாக ஒரு தகவலும் அதில் இல்லை. ஆயிடையைக் கொடுங்கள், 3 கூடக்குறைய என்று திட்டமிட்டு 3.4 கிடைத்திருந்தால் 3.4 என்று எழுதுங்கள்.